ஒன்பதாவது கூறு

தைஸ்தோ வரைபடத்தை விரித்தால் அரை மணி நேரம் போச்சு என்று வைத்துக்கொள்ளலாம். இருபத்திரண்டு வருஷமாக அதே காடு, அதே வாய்க்கால், துப்பாக்கியோடு நிற்க அதே ஒன்பது நிலைகள். ஆனாலும் அந்த மனுஷன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வேட்டைக் குடிலின் மேசைமேல் அதைப் பரப்பி, நாலு மூலையிலும் நாலு காபிக் கோப்பையை வைத்து அழுத்தி, ஏதோ இன்றைக்குத்தான் இந்தக் காட்டைக் கண்டுபிடித்தவன் மாதிரி விரலால் கோடு இழுப்பான். வெளியே மைனஸ் பத்தொன்பது. பிப்ரவரி பதினைந்து, மான் பருவத்தின் கடைசி நாள். ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும்.

"ஒண்ணாம் நம்பர் இங்க," என்றான் தைஸ்தோ.

"போன வாரமும் அங்கதான்யா இருந்துச்சு," என்றேன்.

"பாதுகாப்பு விஷயத்துல அவசரம் கூடாது மெர்யா."

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் இலவங்கப்பட்டை ரொட்டியை மென்றுகொண்டே தலையாட்டினார்கள். எங்கள் ஆட்களுக்கு வாயைத் திறந்தால் பனி உள்ளே போய்விடும் என்று பயம். தைஸ்தோ தலைவன், அவன் பேசுவான், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். தலையாட்டாமல் இருப்பது நான் ஒருத்திதான். எனக்கோ அங்கே ஓட்டு கிடையாது.

அதுதான் விவகாரமே. வேட்டைச் சங்கத்தில் மொத்தம் ஒன்பது இடம், பத்தாவது கிடையாது. ஒருவர் போனால்தான் இன்னொருவர் வரலாம். என் கணவன் இல்போ போன ஏப்ரலில் படகுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தவன், பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடியே விழுந்து போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து ஒன்பதாவது இடம் காலி. அதைத்தான் நான் கேட்கிறேன். சும்மா கேட்கவில்லை. இருபத்திரண்டு குளிர்காலம் இந்தக் காட்டுக்குள் கையைத் தட்டிக்கொண்டும் கத்திக்கொண்டும் மான் விரட்டியவள் நான். கறி வரும், இல்போவின் பேரில் வரும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சுடும் தேர்வுக்குப் போய், எழுபத்தைந்து மீட்டரில் சாப்பாட்டுத் தட்டு அகலமுள்ள வட்டத்துக்குள் நாலு குண்டையும் போட்டுவிட்டு வருவேன். இங்கே தலையாட்டுகிறவர்களில் மூன்று பேர் போன தடவை இரண்டாம் முயற்சியில்தான் தேறினார்கள். நான் சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். இவர்கள் ஒவ்வொருவரும் ஊசியைப் பார்த்ததும் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவார்கள் என்றுகூட எனக்குத் தெரியும்.

ஆகஸ்டில் கேட்டேன். "பார்க்கலாம்" என்றான் தைஸ்தோ. அக்டோபரில் கேட்டேன். "பார்க்கலாம்." கிறிஸ்துமஸுக்குப் பன்றித்தொடை வெட்டிக்கொண்டிருந்தவனிடம் கேட்டேன். "பார்க்கலாம் மெர்யா, பார்க்கலாம்." இவன் என் இல்போவின் பெரியப்பா மகன் வேறு. முடியாது என்று சொன்னாலாவது சண்டை போடலாம். பார்க்கலாம் என்பவனிடம் என்ன செய்வது?

ஆனால் இன்றைக்குமேல் பார்ப்பதற்கு நாள் கிடையாது. கடைசி நாள் சாயங்காலம், கொட்டகையில் ஒரு வாரமாகத் தொங்கிப் பதமான கறியைக் கூறு போடுவோம். அங்கத்தினருக்கு ஆளுக்கு ஒரு கூறு. யார் பேருக்குக் கூறு விழுகிறதோ அவர் அடுத்த வருஷம் சங்கத்தில் இருக்கிறார். விழாதவர் இல்லை. இதற்கு மேல் எங்களுக்குத் தீர்மானமும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது.

போட்டிக்கு ஒரு ஆளும் வந்து உட்கார்ந்திருந்தான். யோனாஸ், தைஸ்தோவின் மாப்பிள்ளை. துர்க்கு நகரத்தில் ஏதோ ஆபீஸ் வேலை. முப்பத்தொரு வயது. துப்பாக்கி புதுசு, காலணி புதுசு, தொப்பியின் ஆரஞ்சு நிறம் கண்ணைக் குத்தியது. கையில் பேட்டரி வைத்துச் சூடாகிற கையுறை. ஒரு விரலால் பித்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். அதை எரியவிட்டு எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தான்.

"நாலாம் நம்பர், யோனாஸ்," என்றான் தைஸ்தோ.

நாலாம் நம்பர் இல்போவின் இடம். வாய்க்காலை மான் தாண்டுகிற ஒரே இடம். அங்கே நின்றால் கண்ணை மூடிக்கொண்டிருப்பவனுக்கும் மான் வரும்.

"ஒன்பதாம் நம்பர், மெர்யா."

"தபால் பெட்டிகிட்டயா?"

"ரோட்டையும் ஒரு கண்ணு பார்த்துக்கலாம்ல."

"ரோட்ட பாக்குறதுக்கு நான் என்ன போலீஸா? அங்க கடைசியா மான் வந்தது பழைய மார்க்கா நோட்டு ஓடின காலத்துல."

யாரோ சிரித்தார்கள். தைஸ்தோ கோப்பைகளை எடுத்தான், வரைபடம் சுருண்டுகொண்டது. "எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிடறேன். முதல்ல குட்டி, அப்புறம்தான் தாய். வேட்டை முடிஞ்சுதுன்னு நான் சொல்ற வரைக்கும் எவனும் இடத்த விட்டு அசையக்கூடாது. அசைஞ்சவன் துப்பாக்கிய உறையில போட்டுட்டு வீட்டுக்குப் போகலாம், கூறும் கிடையாது. என் அப்பாவா இருந்தாலும் சரி."

"உங்கப்பா செத்து இருபது வருஷமாச்சு," என்றார் ரெய்னோ. எழுபத்தொன்பது வயது, சங்கத்திலேயே மூத்தவர்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன் ரெய்னோ."

ஒன்பதரைக்குத் தபால் பெட்டிகளின் பக்கத்தில் போய் நின்றேன். ஏழு பெட்டிகள், ஏழின் தலையிலும் பனிக் குல்லா. எனக்கு முன்னால் வெள்ளை வயல், அதற்கு அப்பால் தேவதாரு மரங்களின் விளிம்பு, அங்கே மின்னல் விழுந்து உச்சி கருகிய ஒற்றைப் பைன் மரம். கால்மணி நேரத்தில் மூக்கு மரத்தது, அரை மணியில் கால் கட்டைவிரல்கள் விடைபெற்றுக்கொண்டன. யார் மேல் கோபப்பட்டால் உடம்பு சூடாகும் என்று யோசித்து, தைஸ்தோவில் ஆரம்பித்து இல்போவில் முடித்தேன். நீ உயிரோடு இருக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாமே மனுஷா. 'என் பெண்டாட்டி என்னைவிட நல்லா சுடுவா' என்று வீட்டில் மட்டும் சொன்னாய். சமையலறைச் சுவருக்கா ஓட்டு இருக்கிறது?

வாக்கி-டாக்கி கரகரத்தது. கலெர்வோவின் குட்டைக்கால் நாய் போமோ தடம் பிடித்துவிட்டது. முழங்கால் பனியில் அந்த நாய்க்கு வயிறுதான் கலப்பை. ஆனால் தொண்டை மட்டும் பெரிய நாயுடையது. தேவதாருக் காட்டுக்குள்ளிருந்து அதன் குரைப்பு வந்துகொண்டே இருந்தது.

"மூணு, உன் பக்கம் திரும்புது," என்றான் தைஸ்தோ.

"மூணு, ஒண்ணும் தெரியல."

"மூணு, கண்ண தொறந்து பாரு."

"தொறந்துதான் வச்சிருக்கேன். இமை உறைஞ்சு போச்சு."

"தேவையில்லாம பேசாதீங்கப்பா," என்றான் தைஸ்தோ. அப்புறம் அவனே ஐந்து நிமிஷம் தேவையில்லாமல் பேசினான். "நாலு, ரெடியா இரு. வாய்க்காலுக்குத்தான் வருது. நாலு, கேக்குதா? யோனாஸ்?"

நாலிடமிருந்து சத்தமே இல்லை. மாப்பிள்ளை மானைக் குறிவைத்துக்கொண்டிருக்கிறான் போல என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்து வயிறெரிந்தேன்.

அப்போது குரைப்பு திரும்பியது. வாய்க்கால் பக்கம் போய்க்கொண்டிருந்தது சட்டென்று வளைந்து, என் வயலைப் பார்த்து வந்தது. வராது என்று எல்லாரும் சத்தியம் பண்ணக்கூடிய இடத்தில், மரங்களின் விளிம்பைப் பிளந்துகொண்டு ஒரு தாய்மானும் பின்னால் குட்டியும் வெளியே வந்தன. வால் இரண்டும் வெள்ளைக்கொடியாக நிமிர்ந்திருந்தன. வயலின் நடுவில் தாய் நின்று நாயின் குரைப்பைக் கேட்டது. குட்டியும் நின்றது. அறுபது மீட்டர். பக்கவாட்டில், அசையாமல், சுடும் தேர்வின் அட்டை மான்கூட அவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை.

கையுறையை எப்போது கழற்றினேன் என்று தெரியாது. துப்பாக்கி தோளுக்கு வந்துவிட்டது. தொலைநோக்கிக்குள் குட்டியின் தோள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன். விரல் விசையில் இருந்தது, பாதி அழுத்தியும் விட்டேன். இன்னும் ஒரு நூல் அழுத்தினால் போதும். அந்த நொடியில் மனசுக்குள் ஓடியது மான் இல்லை, கூறுதான். இந்தக் குட்டி விழுந்தால் எந்த வாயும் இனி பார்க்கலாம் என்று சொல்லாது.

குட்டியின் முதுகுக்கு மேலே, பின்னால் இருந்த மங்கலுக்குள், ஒரு ஆரஞ்சுப் புள்ளி நகர்ந்தது.

விரலை எடுத்தேன். துப்பாக்கியைத் தாழ்த்தி வெறுங்கண்ணால் பார்த்தேன். கருகிய பைன் மரத்தடியில் யோனாஸ். நாலாம் நம்பரிலிருந்து கால் கிலோமீட்டர் தள்ளி, துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு, ரோட்டோரம் நின்ற காரைப் பார்த்துப் பனியில் தத்தித் தத்தி வந்துகொண்டிருந்தான். மான் ஏன் வாய்க்காலைத் தாண்டாமல் இந்தப் பக்கம் திரும்பியது என்பதும் புரிந்தது. இவன் வாடைதான் திருப்பியிருக்கிறது.

மான்கள் இரண்டும் ரோட்டைத் தாண்டிப் போய்விட்டன.

"ஒன்பது!" வாக்கி-டாக்கி அலறியது. மேட்டின்மேல் ஆறாம் நம்பரில் நின்ற தைஸ்தோவுக்கு வயலின் நடுப்பகுதி மட்டும் தெரியும். "ஏன் சுடல? நின்னுச்சே! உன் முன்னாடி நட்டமா நின்னுச்சே! சுடுன்னு நான் இங்க கத்தறேன், நீ அங்க என்ன படம் பாக்குறியா?"

கத்தியிருக்கிறான். குறி பார்க்கும்போது எனக்கு எதுவும் கேட்காது.

"பின்னாடி ஆள் இருந்துச்சு," என்றேன்.

"என்ன ஆள்? அங்க ஏது ஆள்? எல்லாரும் நம்பர் சொல்லுங்க, இடத்துல இருக்கீங்களா?"

"ஒண்ணு, இடத்துல." "ரெண்டு, இடத்துல." "மூணு, இடத்துல, இமையோட."

பைன் மரத்தடியில் யோனாஸ் நின்றான். கக்கத்திலிருந்து ஒரு கையை எடுத்து வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

"நாலு, இடத்துல," என்றான்.

அப்புறம்தான் என்னைப் பார்த்தான். வெள்ளை வயலுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவனும். நான் பொத்தானை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்று அன்று முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன். சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும்: 'இடத்துக்குப் போட்டி, அதான் பையன்மேல பழி போடறா.' உண்மையைச் சொன்னால் பேராசைக்காரி, சொல்லாவிட்டால் கண் தெரியாதவள். எந்தப் பக்கம் உருண்டாலும் முள்.

பதினொன்றரைக்கு நெருப்பு மூட்டி சாசேஜ் சுட்டார்கள். என்னையும் சேர்த்துத்தான் சுட்டார்கள்.

"மெர்யாவுக்கு பேய் தெரியுதுப்பா."

"இல்போ வந்து நின்னிருப்பான். 'எனக்கு வேண்டாம், விடு'ன்னு சொல்லியிருப்பான்."

"அறுபது மீட்டர்! என் பேத்தி பனிக்கட்டி எறிஞ்சாகூட விழும்."

தைஸ்தோ சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம். தோளில் கை வைத்து, கீழ்க்குரலில், "பரவால்ல மெர்யா. எல்லாருக்கும் கை நடுங்கும். இந்த வருஷம் உனக்கு கஷ்டமான வருஷம்," என்றான். அவன் கையைத் தட்டிவிட்டேன். எரிகிற கொள்ளியை எடுத்து வரைபடத்தின்மேல் வைக்கலாமா என்றுகூடத் தோன்றியது.

யோனாஸ் ஒரு மரக்கட்டையில் குனிந்து உட்கார்ந்து கடுகுப்பசையில் சாசேஜைத் தோய்த்துக்கொண்டிருந்தான். விறகு எடுக்கிற சாக்கில் அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"வாயில என்ன, சாசேஜா? பேச்சே காணோம்."

"கையுறையில பேட்டரி போயிடுச்சு," என்றான் தரையைப் பார்த்து. "விரலே இல்லாத மாதிரி ஆயிடுச்சுங்க. ரெண்டு நிமிஷம் கார்ல சூடு பண்ணிட்டு வந்துடலாம்னு..."

"நீ எங்க நின்ன தெரியுமா?"

"தெரியும்."

"தெரியாது. நான் எங்க குறி வச்சேன்னு உனக்குத் தெரியாது."

அவன் முகம் பனியின் நிறத்துக்கு வந்தது. "மாமாகிட்ட சொல்லிடாதீங்க. கொன்னுடுவாரு."

"நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு. கூறு போடறதுக்கு முன்னாடி சொல்லு."

"எனக்கு இந்த இடமே வேண்டாங்க," என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது. "மாமாதான்... பொண்ணு கொடுத்த நாள்லேருந்து சொல்லிட்டே இருக்காரு. எனக்கு மீன் பிடிக்கறதுதான் பிடிக்கும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வேண்டாம் என்பவனுக்கு மடியில் கட்டுகிறார்கள், வேண்டும் என்பவளுக்குப் பார்க்கலாம். விறகை அவன் காலடியில் போட்டுவிட்டு வந்தேன்.

மதியம் இரண்டாவது விரட்டல். எதிர்பார்த்தபடியே தைஸ்தோ எனக்கு நம்பர் தரவில்லை. "கலெர்வோகூட நட மெர்யா. நடந்தா உடம்பு சூடாகும்." துப்பாக்கியைக் காரில் பூட்டிவிட்டு, இருபத்திரண்டு வருஷம் நடந்த அதே புதருக்குள் இருபத்து மூன்றாவது வருஷமும் நடந்தேன். ஒவ்வொரு தேவதாருக் கிளையும் எனக்காகவே சேர்த்துவைத்த பனியைக் கழுத்துக்குள் கொட்டியது. "ஹோய், ஹோய்" என்று கத்தினேன். கத்துவதற்கு அன்றைக்கு எனக்குக் காரணம் நிறைய இருந்தது.

நாலாம் நம்பரிலிருந்து பைன் மரத்துக்குப் போகிற வழியில் கலெர்வோ நின்றான். கலெர்வோ ஒரு நாளைக்கு ஏழெட்டு வார்த்தைக்குமேல் செலவழிக்காத ஆள்; அதில் ஐந்து நாய்க்கு. பனியில் புதுக் காலணியின் தடம், அச்சுப் போட்டமாதிரி போயிருந்தது. தடத்தைப் பார்த்தான். தடம் போன திசையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"ம்," என்றான்.

"ம்-னா என்னய்யா அர்த்தம்? வாயத் தொறந்து சொல்லேன்."

நாயைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டான்.

நாங்கள் விரட்டியதில் ஒரு குட்டி இரண்டாம் நம்பருக்குப் போனது, ரெய்னோ ஒரே குண்டில் படுக்கவைத்தார். எல்லாரும் அவர் முதுகைத் தட்டினார்கள். விரட்டியவள் முதுகை யாரும் தட்டவில்லை. அதில் உருகிக்கொண்டிருந்த பனிதான் இருந்தது.

நாலரைக்குக் கொட்டகையில் விளக்கைப் போட்டார்கள். துருப்பிடிக்காத எஃகு மேசை, அதன்மேல் ஒன்பது கூறு. தைஸ்தோ கத்தியோடு ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்த்தான்: தொடையில் ஒரு துண்டு, தோளில் ஒரு துண்டு, விலா, கழுத்து. எட்டுப் பேருக்கு எட்டு. ஒன்பதாவதுக்குப் பேர் இல்லை. யோனாஸ் கதவோரம் நின்றான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரெய்னோ வழக்கம்போல எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றார். எங்கள் முறை அதுதான். ஒருவன் கூறைத் தொட்டுக் கேட்பான், கூறைப் பார்க்காதவர் பேர் சொல்வார். எவனும் நல்ல துண்டைப் பொறுக்கிக்கொண்டான் என்ற பேச்சு வராது. கடைசிக் கூறு முடிகிறவரை அவர் திரும்பக்கூடாது.

தைஸ்தோ கத்தி முனையை ஒரு கூறின்மேல் வைத்தான். "இது யாருக்கு?"

"கலெர்வோ."

"இது யாருக்கு?"

"எனக்கு."

"இது யாருக்கு?"

"இல்போ," என்றார் ரெய்னோ.

முப்பது வருஷமாகச் சொன்ன பேர். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் தோள்கள் இறங்கின. "அட," என்றார் சுவரைப் பார்த்தே. "மன்னிச்சுக்கோ மெர்யா."

இத்தனை மாதமாக எல்லாரும் 'அவர்', 'உன் வீட்டுக்காரர்' என்று சுற்றி வளைத்தார்களே தவிர, ஒருவரும் அவன் பேரை இப்படிச் சாதாரணமாகச் சொல்லவில்லை.

தைஸ்தோ செருமினான். "சரி. பேச வேண்டியதுதான். ஒன்பதாவது இடம். நான் யோசிச்சுப் பாத்தேன். மெர்யா நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி. கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு ஒரு பை கறி எப்பவும் உண்டு, அதுல மாத்தமில்ல. ஆனா இன்னிக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியும். அறுபது மீட்டர்ல நின்ன குட்டி. குத்தம் சொல்லல. ஆனா சங்கத்துக்கு நிதானமா இருக்கற ஆள் வேணும். அதனால இந்தக் கூறு யோனாஸுக்கு. யாருக்காவது ஆட்சேபணை?"

மற்ற ஏழு பேரும் தங்கள் காலணியைப் பார்த்தார்கள். மௌனம் சம்மதம் என்றால், எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் சம்மதம்தான்.

"யோனாஸ்," என்றேன். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"மெர்யா, இப்ப எதுக்கு அவன..."

"நீ சும்மா இரு தைஸ்தோ. காலையிலேருந்து நீ பேசினது போதும். யோனாஸ்?"

அவன் காலண்டரிலிருந்து கண்ணை எடுத்தான். "மாமா," என்றான். குரல் கீச்சென்று வந்தது. "அந்த ஆள் நான்தான். மெர்யா பார்த்தது. கை மரத்துப் போச்சு, காருக்குப் போயிட்டிருந்தேன். நீங்க நம்பர் கேட்டப்போ நான் இடத்துல இல்ல."

"எங்க இருந்த?"

"கருகின பைன் மரத்துக்கிட்ட."

"தடம் இருக்கு," என்றான் கலெர்வோ. "பாத்தேன்."

"பாத்தியா? பாத்துட்டு சாயங்காலம் வரைக்கும் வாய மூடிட்டு இருந்தியா?" என்று அவனிடம் பாய்ந்தேன்.

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

தைஸ்தோ எங்கள் இருவர் பேச்சையும் காதில் வாங்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தான். கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து வரைபடத்தை எடுத்து மேசையின் ஓரத்தில் விரித்தான். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன, இப்போதுமா? அவன் விரல் ஒன்பதாம் நம்பரில் ஆரம்பித்தது. வயலுக்குள் போனது. குட்டி நின்ற இடத்தில் ஒரு கணம் நின்றது. அப்புறம் அதே கோட்டில், அரை விரலும் விலகாமல், பைன் மரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. திரும்ப ஒன்பதுக்கு வந்தான். மறுபடியும் இழுத்தான். இரண்டாவது தடவை விரலை மரத்திலிருந்து எடுக்கவே இல்லை.

"சுடுன்னு கத்தினேன்," என்றான்.

வரைபடத்திலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான்.

"நான் சுடு, சுடுன்னு கத்தினேன் மெர்யா."

"ஆமா."

"என் பொண்ணுக்கு ஜூன்ல பிரசவம்."

"தெரியும். ரத்தப் பரிசோதனைக்கு நான்தான் எடுத்தேன்." இதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. காலையிலிருந்து பொறுத்தது பொங்கிவிட்டது. "நிதானமா இருக்கற ஆள் வேணும்ன இல்ல, தைஸ்தோ? நீ கத்தினப்போ என் விரல் விசையிலதான் இருந்துச்சு. பாதி அழுத்தினது. எனக்கும் அந்தக் குட்டி வேணும். உங்க யாரையும்விட எனக்குத்தான் வேணும். அத விட்டேன். அதுக்கப்புறம் பகல் பூரா என்னைப் பேய்க்காரின்னு சிரிச்சீங்க."

தைஸ்தோ கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டான். யோனாஸைத் திட்டுவான் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். திட்டவில்லை. கையை நீட்டி, அவன் ஜாக்கெட்டின் முனையைப் பிடித்துக்கொண்டான். விடவும் இல்லை.

அப்போது சுவரிலிருந்து குரல் வந்தது. ரெய்னோ இன்னும் திரும்பவில்லை. முறை முறைதானே.

"எனக்குக் கால் மரத்துப் போச்சு. அந்தக் கூறு யாருக்குன்னு இன்னொரு தரம் கேப்பீங்களா, இல்ல நான் இங்கயே உறையட்டுமா?"

தைஸ்தோ எழுந்தான். கத்தியை எடுத்து அதே கூறின்மேல் வைத்தான். "இது யாருக்கு?"

"மெர்யா," என்றார் ரெய்னோ. இல்போ என்று சொன்ன அதே தோரணையில், ஏதோ முப்பது வருஷமாகச் சொல்லிவந்த பேர் மாதிரி.

மற்ற ஆறு கூறுக்கும் பேர் விழுந்து முடிந்தது. என்னுடையதை நீலப் பையில் போட்டுக் கட்டினேன். பாதிக்குப் பாதி கழுத்தெலும்பு. சரிபார்த்த லட்சணம் அது. இல்போ எப்போதும், எனக்கு மட்டும் கழுத்துதான் விழுகிறது என்று புலம்புவான், நான் நம்பியதில்லை. இப்போது யாரிடம் போய் 'நீ சொன்னது சரிதான்' என்று சொல்வது?

பையைக் காரில் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு, வண்டியைக் கிளப்பிச் சூடேறக் காத்திருந்தேன். அப்போதுதான் என் வலதுகை ஆள்காட்டி விரல் ஆட ஆரம்பித்தது. பகலெல்லாம் அமைதியாக இருந்த விரல். இடதுகையால் அழுத்திப் பிடித்தேன், நிற்கவில்லை. ஒரு நூல் அழுத்தியிருந்தால் இந்நேரம் நான் எங்கே இருந்திருப்பேன், தைஸ்தோவின் பெண் எங்கே இருந்திருப்பாள். ஸ்டியரிங்கில் தலையை வைத்து வாய்விட்டு அழுதேன். யோனாஸுக்காகவா, இல்போவுக்காகவா, ஒரு பை கழுத்தெலும்புக்காகவா என்று கேட்டால் பதில் தெரியாது.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். தைஸ்தோ. பனி பிடித்த கண்ணாடி பாதிவரைக்கும்தான் இறங்கியது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். மைனஸ் இருபத்தொன்றில் அந்த வழுக்கைத் தலையைப் பார்க்கவே எனக்குக் குளிரெடுத்தது.

"தொப்பியப் போடுய்யா."

போடவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று தெரிந்தது. அந்த வார்த்தை அவன் தொண்டைக்கு வருவதும் திரும்பிப் போவதுமாக இருந்தது. கடைசியில் வேறொன்று வந்தது.

"செப்டம்பர்ல பருவம் தொறந்ததும்," என்றான், "நாலாம் நம்பர்ல நிக்கறியா? இல்போ இடத்துல?"

ஆகஸ்ட், அக்டோபர், கிறிஸ்துமஸ் மூன்றும் வரிசையாக நினைவுக்கு வந்தன. கன்னத்தைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டேன்.

"பார்க்கலாம்," என்றேன்.